தியான்ஜின் துறைமுக வெடிப்பு, 2015: கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத யார்டு

2015 ஆகஸ்ட் 12 இரவு, வட சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் அபாயப் பொருள் வைத்திருந்த ஒரு கன்டெய்னர் யார்டில் தீப்பிடித்து, முக்கால் மணி நேரத்துக்குள் இரண்டு முறை வெடித்தது. 165 பேர் இறந்தார்கள், 8 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. அடுத்த பிப்ரவரியில் சீன மத்திய அரசின் விசாரணைக் குழு விரிவான அறிக்கை வெளியிட்டது. இங்கே வரும் எண்கள் பெரும்பாலும் அந்த அறிக்கையில் உள்ளவை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். யார் செய்தார் என்பதைவிட எந்த நாற்காலியில் இருந்தவர் செய்தார் என்பதுதான் இந்த ஆய்வுக்குத் தேவை.

பின்னணி: சேற்றின் மேல் எழுந்த துறைமுகம்

தியான்ஜினின் பழைய துறை கடற்கரையில் இல்லை. ஹாய்ஹே ஆற்றில், நகருக்குள்ளேயே இருந்தது. 1860ல் பீக்கிங் உடன்படிக்கை மூலம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, ஒன்பது நாடுகள் ஆற்றங்கரையில் ஆளுக்கொரு பகுதியைப் பிடித்துக்கொண்டன. ஆனால் ஆறு வண்டலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. பெரிய கப்பல்கள் முகத்துவாரத்தில் தாகு மணல்திட்டுக்கு வெளியே நின்று, சரக்கைச் சிறு படகுகளில் இறக்க வேண்டியிருந்தது. 1939ல் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பானியர் முகத்துவாரத்தில் தாங்கு என்ற இடத்தில் புதுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். போர் முடியும்வரை அந்த வேலை முடியவில்லை. மக்கள் சீன அரசு மிச்சத்தைச் சீர்செய்து 1952 அக்டோபர் 17 அன்று திறந்தது.

அங்கே இயற்கையான ஆழம் கிடையாது. கால்வாயைத் தோண்டி, தோண்டிய சேற்றையே பக்கத்தில் கொட்டி நிலமாக்கி, அந்த நிலத்தில் யார்டும் சாலையும் போட்டு வளர்ந்த துறைமுகம் அது. 2014ல் 54 கோடி டன் சரக்கும், 20 அடிப் பெட்டிக் கணக்கில் சுமார் 1.4 கோடி கன்டெய்னர்களும் கையாண்டது. பீஜிங்குக்கு அதுதான் கடல்வாசல்.

இந்த வரலாற்றில் இரண்டு விஷயங்கள் 2015க்கு நேரடியாக வந்து சேர்கின்றன. ஒன்று நிலம். கடலை நிரப்பி உண்டாக்கிய பகுதியும் அதை ஒட்டிய பின்ஹாய் புது மாவட்டமும் ஒரே வேகத்தில் வளர்ந்தன. கிடங்குக்குப் பக்கத்தில் அடுக்குமாடி, அதற்குப் பக்கத்தில் லைட் ரயில் நிலையம் என்று எல்லாம் நெருங்கி வந்துவிட்டன. இன்னொன்று நிர்வாகம். 2004ல் துறைமுக ஆணையம் வணிக நிறுவனமாக மாறியது. ஆனால் காவல் பிரிவும் தீயணைப்புப் பிரிவும் நகர நிர்வாகத்தின் கீழ் முழுதாகப் போகாமல் துறைமுகத்தோடேயே ஒட்டி நின்றன. சரக்கு வந்தால் லாபம் பார்ப்பவரும் அந்தச் சரக்கைச் சோதிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்ற நிலைமை பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததை விசாரணை அறிக்கையே குறையாகச் சொல்கிறது.

யார்டு எப்படி உருவானது (2012–2015)

இந்த யார்டை நடத்திய நிறுவனம் 2012 இறுதியில் பதிவானது. உண்மையான முதலாளிகள் இருவர், இருவரின் பங்குகளும் வேறு ஆட்களின் பெயரில். தலைவர் முன்பு அரசு ரசாயன வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தொழில் தெரிந்தவர். துணைத் தலைவரின் தந்தை துறைமுகக் காவல் பிரிவின் முன்னாள் தலைவர். அனுமதிகள் வாங்கத் தன் தொடர்புகள் உதவியதைத் துணைத் தலைவரே பின்னர் அரசு செய்தி நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டார்.

அவர்கள் எடுத்த இடம் சுமார் 46,000 சதுர மீட்டர், சாதாரண கன்டெய்னர் யார்டு. அதை அபாயப் பொருள் யார்டாக மாற்றினார்கள். அனுமதி வருவதற்கு முன்பே கட்டுமானம் தொடங்கியது, கட்டிக்கொண்டிருக்கும்போதே சரக்கும் வந்து இறங்கியது. தற்காலிக ஒப்புதல் கொஞ்ச காலம், ஒன்றுமே இல்லாமல் கொஞ்ச காலம் என்று ஓடி, மொத்தத்தில் 11 மாதம் எந்த ஒப்புதலும் உரிமமும் இல்லாமல் தொழில் நடந்திருக்கிறது. முறையான உரிமம் கைக்கு வந்தது 2015 ஜூன் 23 அன்று. வெடிப்புக்கு ஏழு வாரம் முன்பு.

அப்போது சீனாவில் நடப்பில் இருந்த விதிப்படி, பெரிய, நடுத்தர அபாயப் பொருள் கிடங்கு பொதுக் கட்டடங்களிலிருந்தும் முக்கியச் சாலைகளிலிருந்தும் குறைந்தது 1,000 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இங்கே அருகிலிருந்த குடியிருப்பு ஏறத்தாழ 600 மீட்டரில். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குடியிருப்பைக் கட்டிய நிறுவனம், தான் 2010ல் நிலம் வாங்கியபோது இந்த யார்டு இருந்த இடம் சாதாரணச் சரக்குக் கிடங்காகத்தான் இருந்தது என்று சொன்னது. வீடுகள் ஆபத்தைத் தேடிப் போகவில்லை. ஆபத்துதான் வீடுகளுக்குப் பக்கத்தில் குடிவந்தது. தூரத்தை அளந்து பார்க்க வேண்டிய பாதுகாப்பு மதிப்பீட்டு நிறுவனம் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளின் மேல் துறைமுக நிர்வாகம், சுங்கம், திட்டமிடல், பணிப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு மேசையாக முத்திரை விழுந்தது.

அன்று யார்டில் என்ன இருந்தது

விசாரணைக் குழு பின்னர் கூட்டிப் பார்த்த கணக்கு: 111 வகை அபாயப் பொருள்கள், 11,300 டன்னுக்கு மேல். அதில் உரமாகவும் வெடிமருந்து செய்யவும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட் 800 டன், கொடிய நஞ்சான சோடியம் சயனைடு 680.5 டன், நைட்ரோசெல்லுலோஸ் வகைப் பொருள்கள் 229 டன். சயனைடு மட்டும் வடிவமைப்பு அளவைவிட நாற்பது மடங்குக்கு மேல். பல இடங்களில் கன்டெய்னர்கள் நான்கு அடுக்கு, ஐந்து அடுக்கு என்று உயர்ந்திருந்தன.

தீ தொடங்கியது ஏற்றுமதிச் சரக்கு சுங்க அனுமதிக்காகக் காத்திருக்கும் பகுதியில். ஒரு ஏற்றுமதி யார்டைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் எப்படி நிரம்பும் என்று தெரியும். கப்பல் தேதி தள்ளிப்போகும், காகிதம் ஒன்று குறையும், பெட்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். அந்தப் பகுதியில் மட்டும் அன்று 72 வகையில் 4,840 டன் இருந்தது. அம்மோனியம் நைட்ரேட்டை அங்கே வைக்கவே கூடாது. லாரியில் வந்ததும் நேராகக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்பதுதான் விதி. 800 டன்னும் அங்கேதான் இருந்தது, நைட்ரோசெல்லுலோஸ் பெட்டிகளுக்கு அருகிலேயே.

நைட்ரோசெல்லுலோஸ் அரிய பொருள் ஒன்றும் இல்லை. நகப்பூச்சு, மரச்சாமான் வார்னிஷ், அச்சு மை எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைச் சாராயத்திலோ நீரிலோ ஈரமாக ஊறவைத்து, பையை இறுக்கமாக மூடி அனுப்ப வேண்டும். ஈரம் போனால் தானாகச் சிதைந்து சூடு கக்கும், சூடு சேர்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். இங்கே சில பைகள் வெப்பத்தால் ஒட்டி மூடப்படாமல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ஏற்றும்போது பை கிழிந்து பொருள் சிந்தியதும் உண்டு என்று தொழிலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்று வெளியே 36 டிகிரி வெயில். அப்படிப்பட்ட நாளில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் 65 டிகிரி வரை போகும்.

ஆக, முதல் தீப்பொறிக்குக் காரணம் சதியோ மின்கசிவோ இல்லை. சரியாக மூடப்படாத பையும் ஆகஸ்ட் வெயிலும் போதுமானதாக இருந்தன.

அந்த இரவு: முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

இரவு 10:51க்குத் தீ கண்ணில் பட்டது. துறைமுகத்தின் சொந்தத் தீயணைப்புப் பிரிவு 10:56க்கு வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடம். இந்த வேகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

வந்ததும் குழுத்தலைவர் கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி: எரிவது என்ன? அங்கிருந்த நிறுவன ஊழியர்கள் யாருக்கும் தெரியவில்லை. இதை அவர்கள் மறைத்ததாக அறிக்கை சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாது. பெட்டிகளுக்குள் இருப்பதைச் சொல்லும் பட்டியல் அலுவலகத்தில் இருந்தது. அதுவும் எவ்வளவு சரியானது என்பது வேறு கேள்வி.

அடுத்து, தீயணைப்பு வண்டி நெருங்க வழி வேண்டும். வழி முழுக்கக் கன்டெய்னர்கள். கிரேன் வைத்து அகற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. அதனால் எரியும் அடுக்கை விட்டுவிட்டு, பக்கத்து அடுக்குகள் சூடாகாமல் தண்ணீர் அடித்துக் குளிர்விப்பது என்று முடிவு செய்தார்கள். எரிவது என்ன என்று தெரியாதபோது பரவலைத் தடுப்பதுதான் எந்தக் குழுவும் எடுக்கும் முடிவு. வெப்பம் தாங்க முடியாமல் போனபோது, தலைவர் எல்லா வண்டிகளையும் ஆட்களையும் அந்தப் பகுதியை விட்டு வெளியே எடுத்து, சுற்றிலும் நின்று தண்ணீர் அடிக்கச் சொன்னார். கூடுதல் படையையும் கேட்டார். 11:08 முதல் நகரத் தீயணைப்புப் படையினரும் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். காவலர்கள் ஆட்களை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

பின்வாங்கும் முடிவு சரிதான். ஆனால் எவ்வளவு தூரம் பின்வாங்குவது? சாதாரணத் தீ என்றால் அடுத்த தெரு போதும். 800 டன் அம்மோனியம் நைட்ரேட் என்று தெரிந்திருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய் நின்றிருப்பார்கள், குடியிருப்பையும் எழுப்பியிருப்பார்கள். அந்த முடிவை எடுக்கத் தேவையான ஒரே தகவல் அவரிடம் இல்லை. கூடுதலாக வந்து சேர்ந்தவர்களும் அதே அறியாமைக்குள்தான் வந்து நின்றார்கள்.

11 மணி 34 நிமிடம் 6 விநாடிக்கு முதல் வெடிப்பு, சுமார் 15 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு இணை. 31 விநாடி கழித்து, அங்கிருந்து வடமேற்கில் 20 மீட்டர் தள்ளி இரண்டாவது, சுமார் 430 டன்னுக்கு இணை. முதல் நாள்களில் நில அதிர்வுக் கருவிகளை வைத்து 21 டன் என்று உலகம் முழுக்க அச்சான எண் எவ்வளவு குறைச்சல் என்பது இப்போது தெரியும். 97 மீட்டர் அகலக் குழி விழுந்தது.

இறந்த 165 பேரில் தீயணைப்பு வீரர்கள் 99 பேர். 24 பேர் நகரப் படை, 75 பேர் துறைமுகத்தின் சொந்தப் பிரிவு. காவலர்கள் 11. மீதி 55 பேர் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தவரும். காணாமல் போன எட்டுப் பேரில் ஐந்து பேரும் துறைமுகத் தீயணைப்பு வீரர்கள்தான்.

முதல் வாரத்தில் ஒரு குற்றச்சாட்டு வேகமாகப் பரவியது. ரசாயனத்தின் மேல் தண்ணீர் அடித்ததால்தான் வெடித்தது என்றும், வீரர்களுக்குப் பயிற்சி போதாது என்றும் பேசினார்கள். கால்சியம் கார்பைடு இருந்ததாகவும் அது தண்ணீர் பட்டு வெடித்ததாகவும் பேச்சு. விசாரணையின் முடிவு வேறு. நைட்ரோசெல்லுலோஸ் தானாகப் பற்றியது, தீ பக்கத்துப் பெட்டிகளுக்குப் பரவியது, நீண்ட நேரச் சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்துபோனவர்கள் மேல் பழியை இறக்கி வைப்பது எளிது, அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

பிறகு நடந்தவை

தீ முழுதாக அணைந்தது ஆகஸ்ட் 14 மாலை 4:40க்கு. அதற்குள் கவலை சயனைடு பக்கம் திரும்பிவிட்டது. ராணுவத்தின் ரசாயனப் பிரிவு வந்தது. வெடித்த இடத்தைச் சுற்றி மண் கரை கட்டி, அசுத்த நீர் கடலுக்குப் போகாமல் நிறுத்தி, ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்துச் சயனைடைச் சிதைத்தார்கள். இந்தப் பகுதி வேலை ஒழுங்காக நடந்தது என்றே சொல்ல வேண்டும். 20ஆம் தேதி ஹாய்ஹே கரையில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து ஒதுங்கியபோது ஊரே பதறியது. சோதனையில் சயனைடு நச்சு காரணம் இல்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆனால் நம்பியவர்கள் குறைவு.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. முதல் நாள்களின் பத்திரிகையாளர் சந்திப்புகளில், கேள்வி நேரம் தொடங்கியதும் நேரலை துண்டிக்கப்பட்டது. யார்டில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு, நிறுவனத்தின் அலுவலகம் அழிந்துவிட்டது, ஊழியர்கள் சொல்வதும் சுங்கப் பதிவும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பதிலாக வந்தது. களத்தில் குழுத்தலைவர் கேட்ட அதே கேள்விக்கு, நாள்கள் கழித்தும் மேடையில் பதில் இல்லை.

துறைமுகத் தீயணைப்பு வீரர்களின் பெற்றோர் தனியாக ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. அவர்கள் அரசுப் படையினர் இல்லை, ஒப்பந்தத்தில் வேலை செய்த இளைஞர்கள். முதல் நாள்களின் கணக்கில் அவர்கள் விடுபட்டுப்போனதாகக் குடும்பங்கள் சந்திப்பு நடந்த இடத்துக்கே போய்க் கேட்டன. 16ஆம் தேதி வந்த பிரதமர், இரண்டு பிரிவினருக்கும் மரியாதையிலோ இழப்பீட்டிலோ வேறுபாடு கூடாது என்று சொன்ன பிறகே அது முடிவுக்கு வந்தது.

சேதம்: 304 கட்டடங்கள், 7,533 கன்டெய்னர்கள், ஏற்றுமதி இறக்குமதிக்காக வரிசையாக நின்ற 12,428 புதுக் கார்கள். நேரடி இழப்பு 686 கோடி யுவான். சேதமடைந்த வீட்டுக்காரர்கள் பேனர் பிடித்து நின்றார்கள். அவர்கள் கேட்டது பழுதுபார்ப்பு இல்லை, வீட்டையே திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கிய விலையில் 1.3 மடங்கு என்ற ஒப்பந்தம் வந்தது.

2016 நவம்பரில் தீர்ப்பு. 49 பேருக்குத் தண்டனை: நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 13, பாதுகாப்பு மதிப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 11, அரசு அதிகாரிகள் 25. நிறுவனத் தலைவருக்கு இரண்டு ஆண்டு நிறுத்திவைப்போடு மரண தண்டனை. இந்த எண்ணிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் 11. தூரத்தை அளக்காமல் கையெழுத்துப் போட்ட மதிப்பீட்டாளர் சிறைக்குப் போவது எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதில்லை.

எதை மாற்ற வேண்டும்

சில மாற்றங்கள் நடந்தன. 2018ல் சீனாவின் தீயணைப்புப் படை முழுவதும் புதிதாக உருவான அவசரகால மேலாண்மை அமைச்சகத்தின் கீழ் வந்தது. வெடித்த இடத்தில் மண்ணைச் சுத்தம் செய்து பூங்கா அமைத்தார்கள். துறைமுகம் நிற்கவில்லை, 2021ல் 2 கோடி கன்டெய்னரைத் தாண்டியது.

ஆனால் 2019 மார்ச்சில் ஜியாங்சு மாகாணத்தின் சியாங்ஷுய் ரசாயன ஆலை வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். அதனால் தண்டனையும் அமைச்சக மாற்றமும் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. யார்டு மட்டத்தில் செய்ய வேண்டியது இன்னும் எளிமையானது.

முதலில் பட்டியல். எந்த வரிசையில், எந்த அடுக்கில், என்ன பொருள், எவ்வளவு என்பது ஒவ்வொரு நாள் மாலையும் யார்டுக்கு வெளியே, தீயணைப்பு நிலையத்தின் கையில் இருக்க வேண்டும். எரிகிற கட்டடத்துக்குள் இருக்கும் பட்டியல் பட்டியலே இல்லை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், அச்சடித்த தாளே போதும்.

அப்புறம், உள்ளே என்ன என்று தெரியாத அபாயப் பொருள் யார்டில் தீ என்றால், இருப்பதிலேயே மோசமான பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தூரத்தைத் தீர்மானிக்கும் விதி வேண்டும். அதைக் களத்தில் நிற்கும் இளைஞரின் துணிச்சலுக்கு விடக் கூடாது. அணைக்காமல் ஓடினார் என்ற பேச்சு வராது என்ற உத்தரவாதத்தோடு அவருக்கு அந்த விதியைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, காத்திருக்கும் பெட்டி. நேராகக் கப்பலில் ஏற வேண்டிய சரக்கு, கப்பல் வராத நாளில் எங்கே போகும் என்பதற்கு யார்டுக்கு வெளியே ஓர் இடம் வைத்திருக்காவிட்டால், அந்த விதி தாளில்தான் இருக்கும். தியான்ஜினில் அம்மோனியம் நைட்ரேட் சேர்ந்தது இப்படித்தான், பல முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல்.

இது சீனாவின் தனிப்பிரச்சினை இல்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் சுமார் 740 டன் அதே பொருள் இருப்பது செய்தியானது. 2015ல் சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்தது, வழக்கு முடியும்வரை அங்கேயே இருந்தது. பெய்ரூட் செய்தி வந்த ஒரு வாரத்துக்குள் முதல் பத்துக் கன்டெய்னர்கள் ஏலம் எடுத்த நிறுவனத்துக்காக ஐதராபாத் கிளம்பின, மீதியும் அதே மாதத்தில் போயின.